சாவிச் சத்தத்துக்குத் திரும்புகிறவள்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. ஓர் ஆணியிலிருந்து எடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நீங்களாகக் கண்டுபிடித்து என் முகத்தைப் பார்ப்பதைவிட இது மேல்.

என் எழுத்தறைக்கு பெயிண்ட் அடிக்க ஒருவர் வந்தார். எழுத்தறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, மழை நாளில் துணி காயப்போடும் கொடி, அவ்வளவுதான். மேஜையை நடுவில் இழுத்துப் பழைய போர்வையைப் போர்த்திவிட்டு, பெயிண்டர் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். கதவுப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. எனக்கு முன்னால் குடியிருந்தவர்கள் அடித்தது. நான் அதில் எதையும் மாட்டியதில்லை.

"அதைப் பிடுங்கிடுங்க," என்றேன்.

கையில் சுத்தியலோடு நின்றார். பிடுங்கவில்லை.

"இருக்கட்டுமே சார். கதவுப் பக்கத்து ஆணிய நான் இப்பல்லாம் பிடுங்கறதில்ல."

எழுதுகிறவன் காதில் இப்படி ஒரு வாக்கியம் விழுந்தால் விடுவானா? ஏன் என்று கேட்டேன். முதல் பூச்சு முடியும்வரை சொல்லிக்கொண்டே வேலை செய்தார். மறுநாள் இரண்டாவது பூச்சுக்கு வந்தபோது மீதியையும் சொன்னார், முடிவைத் தவிர. முடிவு ஏன் கிடைக்கவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2

தொடக்கம் என்றாலே எனக்குத் தகராறுதான். இந்தக் கதைக்கு எழுதிப்பார்த்த தொடக்கங்கள்:

"பிஞ்சுப் பாதங்கள் தரையில் எழுதிய கவிதையை வாசிக்க அந்த வீட்டில் யாருக்கும்—"

(இதை முடிக்காமல் விட்டதற்கு நீங்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.)

"கலை என்பது பயிற்சியும் தற்செயலும் கைகோக்கும் இடம்."

(இது கதை இல்லை. ஆண்டுவிழாவில் யாராவது பேச வேண்டியது.)

"பெயிண்டர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் முதலில் சாவிக்கொத்தை ஆணியில் மாட்டுவார்."

இதையே வைத்துக்கொள்கிறேன். அழகு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் நிஜமாகவே மாட்டுவார்.

3

பெயிண்டர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் முதலில் சாவிக்கொத்தை ஆணியில் மாட்டுவார். வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, ஏணியும் டப்பாக்களும் வைத்திருக்கும் அறையின் சாவி, எந்தப் பூட்டுக்கு என்றே மறந்துபோன சாவிகள், டப்பா மூடியை நெம்பித் திறக்கிற ஒரு தட்டையான இரும்பு, எல்லாம் ஒரே வளையத்தில். அதை அவர் மாட்டினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் மணி பார்த்துக்கொள்ளலாம்.

அவருக்கு ஒரே மகள், எட்டு வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் பம்பரம். ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. சாப்பிடும்போதுகூட மேஜைக்கு அடியில் ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும். அவர்கள் நகரத்தில் ஒரு நடனப் பள்ளி உண்டு. ஆடிக்காட்டச் சொல்லித் தேர்ந்தெடுத்துத்தான் சேர்ப்பார்கள். சேர்ந்துவிட்டால் வளர்ந்து பெரியவளாகும்வரை அவர்கள் பொறுப்பு. ஒன்பது வயது தாண்டியவர்களை எடுக்கமாட்டார்கள். அடுத்த தேர்வு இரண்டு வருஷம் கழித்துத்தான். அதற்குள் பம்பரம் அந்த வயதைத் தாண்டியிருப்பாள். ஆக, இந்த ஒரு தடவைதான். வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். அவளுக்கு நன்றாகவே தெரியும்.

இசையை நாமே கொண்டுபோக வேண்டும் என்பது பள்ளியின் விதி. வாசிக்கிறவர்களை உள்ளே விடமாட்டார்கள். பதிவுசெய்து பென்டிரைவில் கொடுத்துவிட்டுக் குழந்தையை மட்டும் அனுப்ப வேண்டும்.

அதற்கு ஆள் வீட்டிலேயே இருந்தது. பம்பரத்தின் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறவள். கீபோர்டு நன்றாக வாசிப்பாள். கடைப் பாட்டெல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. இந்தப் பெண் ஆடுகிற வேகத்தில் பாட்டு பின்தங்கிப்போய்விடும். அதனால் சித்தி அவள் காலுக்குத் தகுந்த மாதிரி ஒரு மெட்டுக் கட்டினாள். ஒரு சாயங்காலம் முன்னறையில் இஸ்திரி மேஜைமேல் கீபோர்டை வைத்து, அலமாரியில் ஒரு பழைய போனைச் சாய்த்துவைத்து, வாசித்துப் பதிவுசெய்தாள். பம்பரம் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தாள்.*

* சித்தியை நான் பார்த்ததில்லை. பெயிண்டர் சொன்னதை வைத்து உயரமாக எழுதியிருந்தேன். "குள்ளம் சார்," என்றார். உயரத்தை எடுத்துவிட்டேன். கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அந்தப் பதிவுக்குத்தான் பம்பரம் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆடிப் பழகினாள். அப்பா வருவதற்குள் முடித்துவிடுவாள். முழு ஆட்டத்தையும் அவர் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4

தேர்வு நெருங்கிய ஒரு விடுமுறை நாள். சித்தியும் பம்பரமும் தைக்கக் கொடுத்த உடையை வாங்கப் போயிருந்தார்கள். பெயிண்டர் வீட்டில் சும்மா இருந்தார். சும்மா இருக்கிற பெயிண்டர் கையில் அந்தப் பழைய போன் கிடைத்தது.

பாட்டைக் கேட்டார். மெட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மற்றதும் இருந்தது.

"சுவரப் பாத்தா என் கண்ணு மொதல்ல விரிசலுக்குத்தான் போகும் சார். காதும் அப்படித்தான் போச்சு."

தெருவில் ஒரு ஹார்ன். சித்தி நாற்காலியை இழுக்கிற சத்தம். மாடியில் யாரோ வாளியை வைக்கிறார்கள். இதெல்லாம்கூடப் போகட்டும். நட்டநடுவில், மெட்டு மெல்ல இறங்கிவந்து ஒரு கணம் மூச்சுவிடுகிற இடத்தில், படியில் காலைத் தேய்த்துக்கொண்டு ஒருவர் வருகிறார், கதவைத் தள்ளுகிறார், சாவிக்கொத்தை மாட்டுகிறார். யார் என்று கேட்கவே வேண்டாம்.

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கு அவர்கள் பதிவுசெய்துகொண்டிருந்ததே அவருக்குத் தெரியாது. தேர்வு நடக்கிற அவ்வளவு பெரிய கூடத்தில், பெரிய ஸ்பீக்கரில், படித்தவர்கள் முன்னால், தன் சாவிக்கொத்தா? மகள் ஆட வந்த இடத்தில் அப்பனின் இரைச்சலா?

சத்தம் நீக்குகிற செயலி ஒன்றைப் போனில் இறக்கிக்கொண்டு உட்கார்ந்தார். சுவருக்குப் பட்டி பார்க்கிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். விரிசலைச் சுரண்டுவார்கள், பட்டி மாவை அப்புவார்கள், காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். முடித்தபின் கையால் தடவினால் விரிசல் எங்கே இருந்தது என்றே தெரியக்கூடாது. பாட்டுக்கும் அதையே செய்தார். முதலில் தன்னைச் சுரண்டி எடுத்தார். அப்புறம் வாளி, நாற்காலி, ஹார்ன். சாப்பாட்டைக்கூட மறந்து வேலை செய்தார்.

முடித்ததும், பழையதன் மேலேயே சேமிக்கட்டுமா என்று போன் கேட்டது. ஆமாம் என்றார். வேறென்ன சொல்வார்? புதுச் சுவரை ஒரு பக்கமும் பழைய சுவரைப் பத்திரமாக இன்னொரு பக்கமும் வைத்திருக்கிற வழக்கம் அவர் தொழிலில் கிடையாது.

5

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். அம்மா விஷயத்தில் எனக்கு ஒரு சங்கடம்.

முதல் நாள் அவர் போனதும் எழுத உட்கார்ந்தேன். அம்மாவைச் சாகடித்துவிட்டேன். ஒரே வரிதான்: "அம்மா போன பிறகு அந்த வீட்டில் பாட்டு—" அதற்குமேல் எதுவும் எழுதத் தேவையில்லாமல் அழுகை தானாக வந்து நின்றது. எனக்கே திருப்தியாக இருந்தது.

மறுநாள் பெயிண்டரிடம் படித்துக்காட்டினேன். ஏணிமேல் நின்றபடி கேட்டவர், தூரிகையை டப்பா விளிம்பில் வழித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"சார், அவ நல்லாத்தான் இருக்கா. இப்பகூடப் போன்ல திட்டினா."

ஆகவே அம்மா உயிரோடு வருகிறாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. நாளெல்லாம் ஆவியிலும் வெள்ளைத் துணியிலும் நிற்கிறவள். வீட்டுக்கு வந்ததும் யார் முகத்தையும் பார்த்தே என்ன நடந்தது என்று சொல்லிவிடுவாள். அவள் இல்லாமல் இந்தக் கதை அடுத்த படியைத் தாண்டியிருக்காது. நான் சாகடித்திருந்தால் நானே மாட்டிக்கொண்டிருப்பேன்.

6

சாயங்காலம் பம்பரம் புது உடையோடு வந்தாள். அப்பா நாற்காலியை ஓரமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "போடு பாப்போம். பாட்டக் கேட்டுட்டு அப்புறம் சொல்லு," என்றார். அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

பாட்டு பளிங்கு மாதிரி இருந்தது. பம்பரம் ஆடினாள். இவ்வளவு ஆட்டம் தன் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்ததா என்று அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பிறகு அவள் முதுகைக் காட்டி நின்றாள். மொத்த ஆட்டத்திலும் அவள் அசையாமல் நிற்கிற இடம் அது ஒன்றுதான். மெட்டு இறங்கி, மூச்சுவிட்டு, மேலே போயிற்று. அவள் நின்றுகொண்டேயிருந்தாள். பாட்டு அவளை விட்டுவிட்டுத் தன்பாட்டுக்குப் போய் முடிந்தது.

"என்னடி ஆச்சு? திரும்பலையே நீ," என்றாள் சித்தி.

"அப்பா வரல," என்றாள் பம்பரம்.

"அப்பா இங்கதான் உக்காந்திருக்கேன்."

"இங்க இல்ல. பாட்டுல."

சித்தி எண்ணச் சொல்லிக்கொடுத்தாள். மனசுக்குள் எண்ணி, எண்ணி முடித்ததும் திரும்பு. பம்பரம் எண்ணினாள், சீக்கிரம் திரும்பினாள். மறுபடி எண்ணினாள், தாமதமாகத் திரும்பினாள். சித்தி அவளுக்கு எதிரே சுவரோரம் போய் நின்று கண்ணால் ஜாடை காட்டினால் சரியாக வந்தது. ஆனால் தேர்வில் முதுகைக் காட்டி நிற்கிறவளுக்கு யார் ஜாடை காட்டுவது? அதுவும் பூட்டிய கதவுக்கு உள்ளே? திரும்பத் திரும்ப ஆடி அவள் கால் சிவந்தது. அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ போடு," என்றுதான் சொன்னாள். அது அவருக்கு அழுததைவிடக் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் அம்மா வேலை முடிந்து வந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"எங்க அந்தச் சாவி?"

"எடுத்துட்டேன். இரைச்சலா இருந்துது."

"அது நீங்கதான?"

"நான்தான். அதான் எடுத்தேன்."

அம்மா போனை இஸ்திரி மேஜைமேல் வைத்தாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்குப் பதிவு பண்ணும்போது நீங்க உள்ள வந்தீங்க. இவ ஆட்டத்த விட்டுட்டு அப்பான்னு திரும்பிப் பாத்தா. அது அழகா இருக்குன்னு இவ சித்தி அப்படியே ஆட்டத்துல வெச்சுட்டா. அதுலேருந்து அந்தச் சத்தத்துக்குத்தான் திரும்புறா."

"நான் அவ பாட்டக் கேட்டுத் திரும்புறான்னுதான் நெனச்சேன் மாமா," என்றாள் சித்தி. "உங்களக் கேட்டுத் திரும்புறான்னு எனக்கே இப்பதான் தெரியுது."

(இந்த இடத்தில் பெயிண்டர் என் சுவருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே அடித்த இடத்தையே மறுபடி அடித்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று ஒரு பத்தி எழுதினேன். எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் மட்டும் பூச்சு கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது. வந்தால் காட்டுகிறேன்.)

7

"சரி. மறுபடி பதிவு பண்ணுவோம்," என்றார் பெயிண்டர். புலம்பவில்லை. விரிசல் என்றால் விரிசல். அடுத்த வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

அன்றைக்கே முயன்றார்கள். சித்தி வாசித்தாள். அவர் படியில் நின்று, ஜன்னல் வழியாக அம்மா கையசைத்ததும் உள்ளே வந்து சாவியை மாட்ட வேண்டும். முதல் தடவை அவர் அவ்வளவு பதவிசாக வந்து மாட்டினார்.

"திருடன் வர்ற மாதிரி இருக்கு," என்றாள் அம்மா.

இரண்டாம் தடவை வேகமாக வந்து சாவியைக் கீழே போட்டார். அடுத்த தடவை எல்லாம் சரியாக இருந்தது. பம்பரம்தான் தலையாட்டினாள்.

"நீ இப்படி வரமாட்டப்பா."

"பின்ன எப்படிடா வருவேன்?"

"தெரியல. நீ வேலைக்குப் போய்ட்டு வா."

எனக்குத் தெரிந்து நடிப்பைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. (நடிப்பைப் பற்றி ஒரு நீண்ட பத்தி இங்கே இருந்தது. நீங்கள் பிழைத்தீர்கள்.)

ஆகவே மறுநாள் அவர் வேலைக்குப் போனார். தேர்வுக்கு முந்தைய நாள் அது. அவர் தெருமுனையில் தெரிந்ததும் அம்மா ஜன்னலிலிருந்து சொல்ல, சித்தி வாசிக்கத் தொடங்குவதாக ஏற்பாடு. சொன்னபடி அவர் தெரிந்தார், சித்தி வாசித்தாள். பாதி வழியில் யாரோ அவரை நிறுத்தி மொட்டைமாடி ஒழுகுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சித்திக்கு வேறு வழியில்லை. முன்பகுதியையே திரும்பத் திரும்ப வாசித்தாள். பம்பரமும் சளைக்கவில்லை, சுற்றிச் சுற்றி ஆடினாள். அவர் ஒருவழியாகப் பிய்த்துக்கொண்டு படியேறும்போதுதான் மெட்டு இறங்கியது. காலைத் தேய்க்கிற சத்தம், கதவு, சாவிக்கொத்து. அத்தோடு விட்டாரா? நாள் முழுக்க அண்ணாந்து கூரைக்கு அடித்த களைப்பில், பதிவு நடப்பதையே மறந்து, வாயைத் திறந்தார்.

"ஏய் பம்பரம், செருப்ப வழியிலயா கழட்டிப் போடுவ?"

பம்பரம் திரும்பினாள். எப்படித் திரும்பினாள் என்று அவர் எனக்குச் சொல்ல முயன்றார். ஏணியில் நின்றபடி தோளைக் கொஞ்சம் சாய்த்துக் காட்டினார். வரவில்லை. "அது அவளுக்குத்தான் வரும் சார்," என்று விட்டுவிட்டார்.

பதிவைக் கேட்டதும் அவர் கை பரபரத்தது. சாவி இருக்கட்டும், குரலை மட்டுமாவது—

"கை வெக்காதீங்க," என்றாள் அம்மா.

வைக்கவில்லை. அதோடு, பளிங்கு மாதிரி இருந்த பழைய பதிவைத் தேடி எடுத்து அழித்தார். "இந்தத் தடவ அழிக்க வேண்டியதத்தான் அழிச்சேன் சார்," என்றார் என்னிடம்.

8

இப்போது முடிவு. எழுதிப்பார்த்தவற்றை ஒளிக்காமல் வைக்கிறேன்.

அ. பம்பரம் தேர்வாகிறாள். நடுவர்கள் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். (குழந்தைகள் ஆடுவதைப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் அவ்வளவு சீக்கிரம் கண்ணைத் துடைத்தால் அந்தப் பள்ளி உருப்படாது.)

ஆ. தேர்வாகவில்லை. திரும்பும் வழியில் அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொள்கிறார். வெற்றி தோல்வியெல்லாம் ஒன்றுமில்லை என்று இருவருக்கும் புரிகிறது. (யாருக்குப் புரிகிறது? கால் சிவக்க ஆடிய பெண்ணிடம் போய் ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அவளுக்கு அந்த இடம் வேண்டும். அது அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.)

இ. செருப்பைப் பற்றிய குரல் கேட்டதும் நடுவர்களில் ஒருவர் சிரித்துவிடுகிறார், அந்தச் சிரிப்பில் அவள்—

மூன்றையும் அடித்துவிட்டேன். அடித்தவை அப்படியே கிடக்கட்டும். பட்டி பார்க்கப்போவதில்லை.

நடந்ததைப் பெயிண்டரிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். அவர் கூடத்து வாசல்வரை சொல்லிக்கொண்டு வந்தபோது போன் அடித்தது. அடுத்த வீட்டு வேலைக்கு வரச்சொல்லி அவசரம். தூரிகைகளைக் கழுவி, டப்பாவை மூடி, "காயறவரைக்கும் தொட்றாதீங்க சார்," என்றுவிட்டுப் போனார். அவர் எண் என்னிடம் இருக்கிறது. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால், வாசலில் நிற்கிற அவரை விட்டுவிட்டு நீங்களும் நானும் முடிவைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவோம். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆணி அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு சொட்டுப் படாமல் அடித்திருக்கிறார்.

9

ஆகவே அவரை அங்கேயே பாருங்கள். நீளமான தாழ்வாரம். சுவரோரம் வரிசையாக நாற்காலிகள், அவற்றில் மற்ற குழந்தைகளின் அம்மா அப்பாக்கள். பெயிண்டர் உட்காரவில்லை. வேலைக்குப் போட்டுக்கொள்ளாத சட்டை போட்டிருக்கிறார். நகக்கண்ணில் மட்டும் வெள்ளை ஒட்டியிருக்கிறது. அம்மாவும் சித்தியும் ஜன்னலோரம் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பம்பரம் உள்ளே போய்விட்டாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள்.

உள்ளே சித்தியின் மெட்டு தொடங்குகிறது. பெரிய ஸ்பீக்கர்தான், கதவைத் தாண்டியும் நன்றாகக் கேட்கிறது. முன்பகுதி நீளமாகப் போகிறது. யாரோ ஒருவர் மொட்டைமாடி ஒழுகுவதைப் பற்றிப் பேசிய நீளம். பெயிண்டர் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். தப்பித்தவறி இது ஒரு சத்தம் போட்டுவிட்டால், அவள் இதற்குத் திரும்பிவிடுவாள். உள்ளங்கையில் சாவிகள் அழுந்துகின்றன. விடவில்லை.

மெட்டு இறங்குகிறது. மூச்சுவிடுகிறது.

உள்ளே அவள் முதுகைக் காட்டி அசையாமல் நிற்கிறாள்.

நான் இவரோடு இந்தப் பக்கம் நின்றுகொள்கிறேன். இனி வீட்டுக்கு வர வேண்டியது நீங்கள். நாள் முழுக்க எங்கே வேலை பார்த்தீர்களோ அங்கிருந்து வாருங்கள். பதவிசாக வேண்டாம். படியில் காலைத் தேய்த்துக்கொண்டு வாருங்கள், கதவைத் தள்ளுங்கள், சாவியை ஆணியில் மாட்டுங்கள். அவளுக்குக் கேட்கிற மாதிரி மாட்டுங்கள்.